கேட்பார் ஒருவர் வேண்டும்

வெளி மாநிலங்களில் வாழும் தமிழர்களுக்குச் சோறு கிடைக்கிறது; ஊதியம் கிடைக்கிறது; கோயிலும் தமிழ்ச் சங்கமும் கிடைக்கின்றன. ஆயினும், "இன்றைக்கு என்ன நடந்தது?" என்று நாள்தோறும் கேட்கும் ஒரு குரல் எல்லாருக்கும் கிடைப்பதில்லை. சொந்த ஊரில் இக்குறை தோன்றுவதில்லை. திண்ணையில் இருக்கும் பெரியவர் கேட்பார். பக்கத்து வீட்டு அத்தை கேட்பாள். பேருந்து நிலையத்தில் பழைய நண்பர் கேட்பார். அவர்களுக்கு விடை கூறும்போதே அன்று நாம் செய்ததில் எது தக்கது, எது தகாதது என்பது நமக்குப் புலப்பட்டுவிடும். அயலூரில் அவ்வாறு கேட்பார் இல்லாதபோது, அந்தக் கேள்வியை நமக்கு நாமே எழுத்தில் கேட்டுக்கொள்ளலாம். அவ்வழக்கத்தைப் பற்றியே இங்குச் சில சொற்கள் கூற விரும்புகிறோம்.

நமக்கு வாய்த்த தொழில் மொழிபெயர்ப்பு. மத்திய அரசாங்க அலுவலகம் ஒன்றில் பிறர் எழுதிய வாக்கியங்களை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குக் கொண்டு செல்வதிலேயே பகற்பொழுது கழியும். பெங்களூருக்கு மாற்றலாகி வந்த நாள் முதல் ஒவ்வோர் இரவும் ஊரிலிருந்து தாயார் தொலைபேசியில் அழைப்பார். "சாப்பிட்டாயா? இன்றைக்கு என்ன விசேஷம்? யார் யாரைப் பார்த்தாய்?" என்ற மூன்று கேள்விகளும் ஒரு நாளும் மாறியதில்லை. அவை அலுப்பூட்டிய நாள்களும் உண்டு. தாயார் காலமான பின்னர் அந்தத் தொலைபேசி மணி நின்றது. ஆறுதல் கூறி எழுதிய உறவினர்களுக்கு மறுமொழி எழுத உட்கார்ந்தபோது, நாள் முழுதும் சொற்களோடு புழங்கும் நமக்கே நம் துயரத்தைச் சொல்ல ஒரு தமிழ் வாக்கியம் அமையவில்லை. பிறர் கருத்தைச் சொல்லப் பழகிய கை, தன் கருத்தைச் சொல்ல மறந்துவிட்டதோ என்ற அச்சம் அன்று எழுந்தது.

அந்த அச்சத்தினால் ஒரு நாட்குறிப்பு ஏடு வாங்கினோம். முதல் நாள் இரண்டு பக்கம் எழுதினோம். மறுநாள் அரைப் பக்கம். ஐந்தாம் நாள் "வழக்கம் போல" என்ற இரண்டே சொற்கள். பத்தாம் நாள் ஏடு மூடிவிட்டது. ஜனவரியில் தொடங்கிப் பொங்கலோடு நின்றுபோன நாட்குறிப்புகள் எத்தனை வீடுகளில் உறங்குகின்றன! இதற்குச் சோம்பல் மட்டும் காரணமன்று. வெற்றுத் தாள் எதையும் கேட்பதில்லை; கேளாதவரிடம் நாம் என்னவென்று சொல்வது? பிறகு தாயாரின் கேள்விகளையே ஏட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்து, ஒவ்வோர் இரவும் அவற்றுக்கு விடை எழுதத் தொடங்கினோம். அன்று முதல் ஏடு நிற்கவில்லை.

இது நாம் புதிதாகக் கண்டுபிடித்த உபாயம் அன்று. தமிழ் நாட்குறிப்பாளருள் தலைசிறந்தவரான ஆனந்தரங்கப் பிள்ளையையே எடுத்துக்கொள்வோம். 1709-இல் சென்னையை அடுத்த பெரம்பூரில் பிறந்து, புதுச்சேரிக்குப் பெயர்ந்து வணிகம் நடத்தி, பின்னாளில் பிரெஞ்சுக் கவர்னர் டூப்ளேயின் தலைமைத் துபாஷியாக விளங்கியவர் அவர். துபாஷி என்பதற்கு இரு மொழி அறிந்தவன் என்பது பொருள். பகலில் அயல்மொழிக்காரரிடையே தொழில் நடத்திய அவர், தம் குறிப்புகளைத் தமிழிலேயே எழுதினார். 1736 செப்டம்பரில் தொடங்கிய அப்பழக்கம், 1761 ஜனவரியில் அவர் மறையும் காலம் வரையில், ஏறத்தாழ 25 ஆண்டுகள் தொடர்ந்தது. 1846-இல் கண்டெடுக்கப்பட்ட அக்குறிப்புகள், 1904 முதல் 1928 வரையில் சென்னை அரசாங்கத்தாரால் ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாக வெளியிடப்பெற்றன.

இத்தனை நெடுங்காலம் அவர் எழுதுகோல் ஓயாதிருந்ததற்கு ஒரு காரணத்தை அவருடைய தொடக்கத்திலேயே காணலாம். தாம் கண்டவற்றையும் கேட்டவற்றையும், கப்பல்கள் வருவதையும் போவதையும் எழுதப் போவதாக அவர் முதலிலேயே வரையறை செய்துகொண்டார். "இன்று என்ன கண்டேன்? என்ன கேட்டேன்? எந்தக் கப்பல் வந்தது?" என்ற கேள்விகள் அவ்வரையறையினுள் அடங்கியிருக்கின்றன அல்லவா? கேள்வி நிலையாக இருந்தது. விடை மட்டும் நாளுக்கு நாள் மாறியது.

கேட்பார் அற்ற இடத்துக்குச் சிறைச்சாலையைவிடச் சிறந்த சான்று இல்லை. பெங்களூர் மத்தியக் கல்லூரியில் மாணவராயிருந்த இராஜாஜி, 1921 டிசம்பர் முதல் 1922 மார்ச்சு வரையில் வேலூர்ச் சிறையில் இருந்தபோது நாட்குறிப்பு எழுதினார். பேச்சுத் துணை குறைந்தபோது ஏடே துணையாயிற்று.

கண்டதையும் கேட்டதையும் எழுதுவது ஒரு படி. நம்மை நாமே சீர்தூக்கிப் பார்ப்பது அதற்கு அடுத்த படி. திருவள்ளுவர் இதற்கெனக் குற்றங்கடிதல் என ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். 18-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் வாழ்ந்த பெஞ்சமின் பிராங்க்ளின் இதற்கு ஒரு செயல்முறை வகுத்தார். 13 நற்குணங்களைத் தேர்ந்து, சிறு ஏடு ஒன்றில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, தவறிய நாளில் ஒரு கரும்புள்ளி இட்டு வந்தார். ஒரு வாரத்துக்கு ஒரு குணம். 13 வாரங்களில் ஒரு சுற்று. ஓர் ஆண்டில் நான்கு சுற்று. காலையில் இன்று என்ன நன்மை செய்யலாம் என்றும், மாலையில் என்ன நன்மை செய்தோம் என்றும் தம்மையே வினவிக்கொள்வதை அவர் நியமமாகக் கொண்டார். பொருள்களை உரிய இடத்தில் ஒழுங்காக வைக்கும் குணம் மட்டும் தமக்கு இறுதிவரை கைவரவில்லை என்று அவரே ஒப்புக்கொள்கிறார். குறையற்ற மனிதராக ஆகாவிடினும், முயன்றதால் முன்னிலும் மேம்பட்டவரானதாக அவர் கருதினார். நமக்கும் அது போதுமானது.

இக்காலத்துச் சோதனை ஒன்றையும் கூறலாம். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட விப்ரோ நிறுவனத்தில் பயிற்சி பெற்றுவந்த புதிய ஊழியரைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சி ஒன்றின் முடிவை, ஹார்வர்டு வணிகப் பள்ளி 2014-இல் வெளியிட்டது. ஒரு பிரிவினர் நாள்தோறும் வேலையின் கடைசி 15 நிமிடத்தில், அன்று கற்றவற்றைச் சிந்தித்து எழுதினர். மற்றொரு பிரிவினர் அவ்வாறு எழுதாமல் தம் வேலையையே தொடர்ந்தனர். இறுதித் தேர்வில் எழுதியவர்கள் சுமார் 23 விழுக்காடு மேம்பட்டிருந்தனர் என்பது அறிக்கையின் கூற்று. அதன் ஆசிரியருள் ஒருவருடைய வேறு சில ஆய்வுகள் பிற்காலத்தில் கடும் ஐயத்துக்கு உள்ளானமையால், அந்த எண்ணை வேதவாக்காகக் கொள்ள வேண்டுவதில்லை. எனினும், வேலை செய்த நேரத்தில் ஒரு சிறு பகுதியை அவ்வேலையை எண்ணிப் பார்க்கச் செலவிடுவது வீண் அன்று என்பதை நம் அனுபவமும் ஒப்புகிறது.

இனி, செய்ய வேண்டிய முறையைக் கூறுவோம். விலை உயர்ந்த ஏடு வேண்டாம். பள்ளிப் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகம் போதும். நேரம் 15 நிமிடம். இரவு உணவுக்குப் பின்னரோ, அலுவலகத்திலிருந்து திரும்பியவுடனோ, ஏதேனும் ஒரு வேளையை நிலையாகக் கொள்ளுதல் நலம். கேள்விகள் ஐந்துக்கு மேற்பட வேண்டாம். நாம் பயன்படுத்தும் ஐந்தையும் இங்கே தருகிறோம்.

முதலாவது, இன்று கண்டதிலும் கேட்டதிலும் மறக்கக் கூடாதது எது? இரண்டாவது, இன்று நமக்கு உதவியவர் யார், நாம் உதவியது யாருக்கு? மூன்றாவது, எந்த இடத்தில் நம் சொல் பிறரை வருத்தியது, மறுபடி அந்நிலை வந்தால் எவ்வாறு சொல்வோம்? நான்காவது, இன்று புதிதாகக் கற்றது என்ன? கடைக்காரரிடம் கற்ற ஒரு கன்னடச் சொல்லாயினும் சரியே. ஐந்தாவது, எதைத் தள்ளிப் போட்டோம், நாளை அதற்கு எடுத்து வைக்கும் முதல் அடி எது?

ஒரு நாளைக்கு ஐந்துக்கும் விடை எழுத வேண்டும் என்பதில்லை. ஒன்றுக்கு மூன்று வரி எழுதினாலும் போதும். ஆனால் மாதம் ஒரு முறை பழைய பக்கங்களைப் புரட்டிப் பார்த்தல் இன்றியமையாதது. ஒரு நாளில் தெரியாதது ஒரு மாதத்தில் தெரியும்.

நமக்கு அவ்வாறு தெரிந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு மாதக் குறிப்புகளைப் படித்தபோது மூன்றாவது கேள்வியின் கீழ் ஒரே பெயர் நான்கு முறை வந்திருந்தது. அது நம் மகளின் பெயர். பெங்களூரில் வளரும் அவள் பள்ளியில் தமிழ் படிக்கவில்லை. வீட்டில் நாம்தான் கற்பித்து வந்தோம். அவள் எழுத்துக் கூட்டிப் படிக்கும்போது, ரகர றகர வேறுபாட்டையும் லகர ளகர வேறுபாட்டையும் வரிக்கு வரி நிறுத்தித் திருத்தினோம். திருத்துவது நம் தொழில். அது கோபமாக அவள் காதில் விழுந்தது. அவளுக்குத் தமிழில் ஆர்வம் இல்லை என்று வீட்டில் குறை கூறிவந்த நாம், ஆர்வத்தைக் கெடுத்தது யார் என்பதை நம் கையெழுத்திலேயே படித்தோம். வேறொருவர் சொல்லியிருந்தால் மறுத்திருப்போம். நாமே எழுதியதை எவ்வாறு மறுப்பது?

ஓர் எச்சரிக்கையும் தேவை. எல்லாக் கேள்வியும் நல்ல கேள்வியாகாது. "எனக்கு மட்டும் ஏன் இப்படி நேர்கிறது?" என்பது அடி காணாத கிணறு, அதில் எத்தனை இரவு இறங்கினாலும் நீர் கிட்டாது. "என்ன நேர்ந்தது? அடுத்து என்ன செய்யலாம்?" என்று கேட்டால் கரையேறப் படி உண்டு. பெருந்துயரத்தை எழுதுவதிலும் ஓர் அளவு வேண்டும். 1986-இல் அமெரிக்க உளநூல் அறிஞர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் தம் சக ஆய்வாளரோடு வெளியிட்ட சோதனையில், மாணவர்கள் நான்கு நாள், நாளைக்கு 15 நிமிடம், தங்கள் மனத்தை மிகவும் வருத்திய நிகழ்ச்சிகளை எழுதினர். நிகழ்ச்சியோடு அப்போது எழுந்த உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்கள், பின்வந்த ஆறு மாதங்களில் மருத்துவ நிலையத்துக்குச் சென்றது குறைவு. ஆனால் எழுதிய அந்த நாள்களில் அவர்கள் மனம் கனத்தே இருந்தது. பிற்காலத்தில், 2006-இல், 146 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பலன் உண்டு, ஆனால் அது சிறியது என்றே தெரிந்தது.

ஆகவே, எழுத்து மருத்துவத்துக்கு ஈடாகாது. எழுத எழுத வேதனை மிகுமானால் ஏட்டை மூடிவிட்டு, நம்பத்தக்க ஒருவரிடமோ மருத்துவரிடமோ பேசுதல் வேண்டும். 2022-இல் தொடங்கிய அரசாங்கத்தின் டெலி மானஸ் சேவைக்குப் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிலையம் தலைமை மையமாகும். 14416 என்ற எண்ணில், எந்த மாநிலத்திலிருந்தும், தமிழிலும் பேசலாம்.

நாட்குறிப்பைத் தமிழில்தான் எழுத வேண்டுமா என்று சிலர் வினவலாம். தமிழ் எழுதத் தெரியாத இளைஞர்கள் தெரிந்த எழுத்தில் தொடங்கட்டும்; எழுதாமல் இருப்பதினும் அது மேல். ஆனால் தமிழில் வளர்ந்தவர்க்கு ஒன்று சொல்வோம். அலுவலகத்தின் ஆங்கிலத்தில் "வருந்துகிறோம்" என்று எழுதுவது எளிது. யாரும் வருந்தாமலேயே அதை எழுதலாம். தாய்மொழியில் அவ்வாறு எழுதக் கை தயங்கும். அத்தயக்கமே நமக்கு வேண்டிய உரைகல்.

இதனால் நாம் வாழும் மண்ணின் மொழிக்கு அயலாராகிவிட மாட்டோம். 1809-இல் ஆங்கிலேயர் இங்கே தண்டு அமைத்த காலத்திலிருந்து தமிழர் கன்னடரோடு கூடி வாழ்ந்துவரும் ஊர் பெங்களூர். 2009 ஆகஸ்டில் அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலையும், சில நாள்களில் சென்னை அயனாவரத்தில் கன்னடப் புலவர் சர்வக்ஞர் சிலையும் திறக்கப்பெற்றன. இரு மொழிக்கும் இடம் தரும் நெஞ்சம் எதனையும் இழப்பதில்லை என்பதைத் துபாஷியான பிள்ளையின் வாழ்வும் காட்டுகிறது.

நம் மகளுக்கும் இப்போது ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. வாரத்துக்கு இரண்டு மூன்று வரி தமிழில் எழுதுகிறாள். தானாகக் காட்டினால் படிக்கிறோம். அதில் ரகரமும் றகரமும் இடம் மாறியே கிடக்கின்றன. நாம் திருத்துவதில்லை. "அப்புறம் என்ன நடந்தது?" என்று மட்டும் கேட்கிறோம்.