போட்டுக்குப் பின்னால ஒரு பெட்டி... வேகம் கூடும், வேற என்னவெல்லாம் மாறும்?

வைகை அணையில மீன் பிடிக்கிற பரிசலைப் பார்த்திருக்கீங்களா? அதுல ஏறி கொஞ்சம் ஓரமா நகர்ந்து உட்கார்ந்தா போதும், மொத்த பரிசலும் அந்தப் பக்கம் சாயும். எடை எங்கே இருக்குங்கிறதுதான் படகோட தலையெழுத்து. இதை மனசுல வச்சுக்கிட்டு ரீல்ஸ்ல சீறிப் பாயுற ஸ்பீட் போட்டைப் பாருங்க. சில போட்டுகள்ல பின்சுவருக்கும் புரொப்பல்லர் யூனிட்டுக்கும் நடுவுல ஒரு அலுமினியப் பெட்டி துருத்திட்டு நிக்கும். அதுதான் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்.

முதல்ல ஸ்டெர்ன்டிரைவ்

வைகை அணை திறக்கப்பட்டது 1959-ல். அதே வருஷம் நியூயார்க் படகுக் கண்காட்சியில வால்வோ பென்டா நிறுவனம் 'அக்வாமேட்டிக்'கை அறிமுகப்படுத்துச்சு. இன்ஜின் படகுக்குள்ள பத்திரமா இருக்கும். புரொப்பல்லரைச் சுத்துற கால் மட்டும் பின்சுவருக்கு வெளியே தொங்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பினா அந்தக் காலே திரும்பும், ஆழம் குறைஞ்ச இடத்துல மேலே தூக்கிக்கலாம். ஸ்டெர்ன்டிரைவ் பரவலானது இதுக்கு அப்புறம்தான்.

நம்ம கடலோர வள்ளங்கள்ல நீளமான தண்டோட வர்ற 'லாங் டெய்ல்' இன்ஜினும் கிட்டத்தட்ட இதே வேலையைத்தான் செய்யுது. புரொப்பல்லர் படகை விட்டுத் தள்ளிச் சுத்தும், தேவைப்பட்டா தூக்கிக்கலாம்.

பெட்டி என்ன செய்யுது?

படகு வேகமா போகும்போது, அடிப்பாகத்தை விட்டு விலகுற தண்ணி பின்சுவரைத் தாண்டினதும் கொஞ்சம் மேலே எழும்பும். டிரைவை பின்னால தள்ளி வச்சா, அந்த எழும்பின தண்ணியில புரொப்பல்லர் சுத்தும். அதனால டிரைவைக் கொஞ்சம் உயர்த்தி மாட்டலாம். தண்ணிக்குள்ள இழுபடுற இரும்பு குறையும், வேகம் கூடும். படகின் அடிப்பாகம் கலக்காத சுத்தமான தண்ணியும் புரொப்பல்லருக்குக் கிடைக்கும். நெம்புகோல் நீளம் கூடுறதால படகின் மூக்கை மேலே தூக்குறதும் சுலபம். சில அங்குலத்துல இருந்து ஒரு அடிக்கு மேல வரைக்கும் பெட்டிகள் இருக்கு.

அப்போ சிக்கல் எங்கே?

டி.வி.எஸ் 50 கேரியர்ல பின்னால தள்ளி அரிசி மூட்டை ஏத்தினா ஹேண்டில் லேசாகும்ல? அதே கதைதான். டிரைவோட எடை, பெட்டியோட எடை ரெண்டும் படகின் உடலைத் தாண்டித் தொங்குது. புறப்படும்போது பின்பாகம் அமுங்கும், மூக்கு தூக்கும், முன்னால இருக்கிற தண்ணி தெரியாது. ஓட்டுநர் பழகுற வரைக்கும் இதுவே பெரிய ஆபத்து.

புரொப்பல்லர் தள்ளுற விசை முழுக்க பின்சுவர்லதான் விழும். அது மக்கின மரமா இருந்தா, புதுப் பெட்டி போல்ட்டோட பிடுங்கிக்கும். டிரைவை ரொம்ப உயர்த்தினா கூலிங் தண்ணி உறிஞ்சுற துவாரம் காற்றை இழுத்து இன்ஜின் கொதிக்கும். நீளமான தண்டு நேர்கோட்டுல இல்லைன்னா ஜாயின்ட் தேஞ்சு போகும்.

தேக்கடி சொன்ன பாடம்

வைகை அணைக்கு வர்ற தண்ணியில ஒரு பங்கு, முல்லைப் பெரியாறு தேக்கத்துல இருந்து சுரங்கம் வழியா கம்பம் பள்ளத்தாக்குக்கு இறங்கி வருது. அந்தத் தேக்கத்துலதான், 2009 செப்டம்பர் 30-ல், 'ஜலகன்யகா'ங்கிற இரட்டை அடுக்கு சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தாங்க. அதுக்கும் இந்தப் பெட்டிக்கும் சம்பந்தமே இல்லை. ஆனா எடையும் நிலைத்தன்மையும் சரியில்லைன்னா அமைதியான ஏரியும் ஆளைக் கொல்லும்னு அது காட்டுச்சு.

மாத்துறதுக்கு முன்னாடி

பின்சுவரைத் தட்டிப் பாருங்க, ஈரம் பாருங்க. பெட்டி உங்க டிரைவ் மாடலுக்கானதுதானான்னு கேளுங்க. ஸ்டீயரிங் குழாய், கியர் கேபிள், எக்ஸாஸ்ட் எல்லாமே நீளணும். விட்டா பாதியில நிக்கும். இன்ஜின்ல ஓடுற உள்நாட்டுப் படகுகளுக்கு 2021 சட்டப்படி சர்வே, பதிவு உண்டு. அதனால சர்வேயரிடம் முன்கூட்டியே கேட்டுக்கோங்க. மாட்டினதும் தனியா, மெதுவா, லைஃப் ஜாக்கெட்டோட ஓட்டிப் பாருங்க. அப்புறம் ஆளையும் சாமானையும் ஏத்தி இன்னொரு தடவை ஓட்டுங்க. காலிப் படகு ஒழுங்கா போறது பரீட்சையில பாதிதான்.

பரிசல் ஓட்டுறவர் நீங்க ஏறினதுமே "நடுவுல உட்காருங்க"ம்பார். ஸ்பீட் போட்டுல அப்படிச் சொல்ல ஆள் இருக்காது. எதை, எங்கே, எவ்வளவு தள்ளி மாட்டுறோம்னு நாமதான் கேட்டுக்கணும்.