சேர்வராயன் மலையுச்சியில் ஒரு காலைப்பொழுது

ஏற்காட்டிற்குச் செல்லும் குடும்பங்கள் பெரும்பாலும் ஏரியில் படகேறி, மலை விளிம்பில் நின்று சேலம் நகரைக் கண்டு களித்து, காப்பித் தூளும் மிளகும் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுகின்றன. நாங்களும் பல ஆண்டுகள் அவ்வாறே செய்துவந்தோம். சென்ற தை மாதத்தில் நாகலூரில் உறவினர் இல்லத்தில் தங்கியிருந்தபோதுதான், இம்மலைத் தொடருக்கே பெயர் தந்த சேர்வராயனின் கோவிலை இதுவரை கண்டதில்லையே என்னும் எண்ணம் எழுந்தது. மறுநாள் விடியற்காலையிலேயே புறப்பட்டோம்.

காப்பித் தோட்டங்களும், அவற்றிற்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களும், அவற்றைச் சுற்றிப் படர்ந்த மிளகுக் கொடிகளும் வழியெங்கும் உடன் வந்தன. 1820-களில் சேலம் ஆட்சியராயிருந்த காக்பர்ன் என்னும் ஆங்கிலேய அதிகாரி இங்குக் காப்பிப் பயிரைக் கொணர்ந்தார். அதற்கு நெடுங்காலம் முன்பே இம்மலையில் வாழ்ந்தவர்கள் மலையாளிகள். கேரளத்தவர் என்று எண்ணிவிடலாகாது. தமிழ் பேசும் மலைவாழ் மக்கள் இவர்கள். தம் முன்னோராகிய மூன்று உடன்பிறந்தார் காஞ்சிபுரத்திலிருந்து வந்து வெவ்வேறு மலைகளில் குடியேறினர் என்று வழிவழியாகச் சொல்லி வருகின்றனர்.

ஏறத்தாழ 5,300 அடி உயரத்தில் உள்ள உச்சியை அடைந்தபோது வியப்புற்றோம். கூர்மையான சிகரத்தை எதிர்பார்த்திருந்த எங்கள் முன் பரந்த புல்வெளி கிடந்தது. கோபுரத்தையும் மதிலையும் தேடிய கண்களுக்குத் தென்பட்டது ஒரு குகை வாயிலே. செருப்பைக் கழற்றி, தலையைத் தாழ்த்தி நுழைய வேண்டியிருந்தது. எங்களோடு வந்த முதிய அத்தை முதலில் தயங்கினார். கிறிஸ்தவர்களாகிய நாம் உள்ளே போகலாமா என்பது அவருடைய கேள்வி. வாயிலில் நின்ற பெரியவர் அதைச் செவியுற்றார் போலும். "பார்க்க வந்தவங்க பார்த்துட்டுப் போங்க அம்மா, தலை இடிக்கும், குனிஞ்சு வாங்க" என்றார். அத்தை குனிந்தார்.

உள்ளே ஈரமும் குளிர்ச்சியும் விளக்கொளியும் நிறைந்திருந்தன. சேர்வராயனும் காவேரியம்மனும் அங்கு வணங்கப்படுகின்றனர். குகையின் சுரங்கம் குடகில் காவிரி பிறக்கும் இடம்வரை செல்கிறது என்பது மக்களின் நம்பிக்கை. வெளியே வந்து மேற்கே நோக்கியபோது அந்நம்பிக்கையின் அழகு புலப்பட்டது. வானம் தெளிந்திருந்தமையால் தொலைவில் மேட்டூர் நீர்த்தேக்கம் வெள்ளித் தகடுபோல் மின்னியது. 1934-இல் அணை கட்டி முடிக்கப்பட்டது. அம்மன் அதற்கும் முந்தியவள்.

இவ்விடத்தின் பழைமையை எவ்வாறு அளப்பது? நம் நாட்டின் பழங்கற்கால ஆய்வுக்கு வழிதிறந்தவர் புரூஸ் ஃபூட். 1863-இல் பல்லாவரத்தில் பழங்கற்காலக் கருவியைக் கண்டெடுத்த அவர், பிற்காலத்தில் ஏற்காட்டிலேயே வீடமைத்து வாழ்ந்தார். புதிய கற்காலத்து வழவழப்பான கற்கோடரிகளை இம்மலையில் அவர் திரட்டினார். அவற்றுள் சிலவற்றை மலைமக்கள் ஏற்கெனவே கண்டெடுத்து, மரத்தடிச் சிறு கோவில்களில் வைத்து வழிபட்டு வந்தனர்! ஆய்வாளருக்கு முன்பே அக்கற்களின் அருமையை உணர்ந்தவர்கள் அவர்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. 1904-இல் ஃபூட்டின் சேகரிப்பு சென்னை அருங்காட்சியகத்தைச் சென்றடைந்தது.

உச்சி சமதளமாயிருப்பதற்கும் காரணம் உண்டு. மழையும் வெயிலும் எண்ணற்ற ஆண்டுகள் பாறையைக் கரைத்ததில் எஞ்சியதே மேலேயுள்ள செம்மண்ணும் பாக்சைட்டும். 1960-களில் மேட்டூரில் அலுமினிய ஆலை தொடங்கிய பின், அதற்கென இம்மலையிலும் பாக்சைட் வெட்டப்பட்டது. தெய்வத்தின் பீடமே தாதுப் பொருளாயிருந்தால் மலைமக்கள் என் செய்வர்? குகையருகே நின்று இதை எண்ணியபோது, எங்களுக்குக் காட்சியின் இனிமை சற்றே குறைந்துதான் போயிற்று.

இன்னொன்றும் வருத்தியது. புல்லில் நொறுக்குத் தீனிப் பைகள் கிடந்தன. குகைக்குள் கூச்சலிட்டு எதிரொலி கேட்ட இளைஞர் சிலரையும் கண்டோம். மே மாதத் திருவிழாவில் சுற்றுப்புற மலையூர்கள் யாவும் வந்து கூடும் இடம் இது. நம் திருத்தலத்தில் பிறர் இவ்வாறு செய்யின் பொறுப்போமா?

நாங்கள் திரும்புகையில், கைக்குழந்தையோடு ஒரு மலைக் குடும்பம் நடந்து வந்தது. சேலம் எங்கே, மேட்டூர் எங்கே என்று அவர்கள் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நேரே குகை வாயிலை நோக்கி நடந்தனர். அத்தை வழிவிட்டு ஒதுங்கி நின்று, குழந்தையின் கன்னத்தைத் தொட்டுவிட்டு வந்தார்.