உரு மாறும் பொருள்களும் புற்றுநோய் மருத்துவமும்

பட்டாசுக் காயை வைத்து விளையாடாத சிறுமியர் நம் விழுப்புரம் பக்கத்தில் இருக்க முடியாது. காய்ந்த காயை எச்சில் தொட்டு உள்ளங்கையில் வைத்தால், சற்று நேரத்தில் ‘பட்’டென வெடித்து விதைகளைச் சிதறும். அதனுள் வெடிமருந்து ஏதும் இல்லை. நீர் பட்டால் இப்படித்தான் உரு மாற வேண்டும் என்பது அந்தக் காயின் அமைப்பிலேயே அடங்கியிருக்கிறது. இறைவன் படைப்பில் உள்ள இந்த வித்தையை மனிதன் இப்போது மருத்துவத்திற்குப் பயன்படுத்தக் கற்று வருகிறான். அதைப் பற்றியே இக்கட்டுரையில் கூற விரும்புகிறோம்.

இதை அறியும் ஆவல் எங்கள் வகுப்பில் ஒரு துயரத்தின் வழியாகவே வந்தது. எங்கள் தோழி ஒருத்தியின் பாட்டி திண்டிவனத்தை அடுத்த கிராமத்தில் வாழ்ந்தவர். முதலில் அவருக்குச் சோறு தொண்டையில் அடைத்தது. பிறகு இட்டிலியும் இறங்கவில்லை. கடைசியில் கஞ்சியும் நின்றது. “வயசானா அப்படித்தான்” என்று சொல்லிப் பல மாதங்களைக் கடத்திவிட்டார். புதுச்சேரிக்கு அழைத்துச் சென்றபோது உணவுக்குழாயில் புற்றுநோய் முற்றியிருந்தது. அறுவை செய்யும் நிலை கடந்துவிட்டது என்றார் மருத்துவர். ஆனால் ஒரு சிறிய வலைக்குழாயை வைத்து அடைப்பைத் திறந்துவிட்டார். இரண்டு நாளில் பாட்டி கஞ்சி குடித்தார். ஞாயிறன்று நற்கருணையும் வாங்கினார். “ஆயாவுக்குள்ளே போன கம்பிவலை தானாகவே விரிந்ததாம்” என்று தோழி கூறியபோது நாங்கள் வியந்தோம்.

‘ஸ்டென்ட்’ எனப்படும் அந்த வலைக்குழாய் நிட்டினால் என்னும் உலோகக் கலவையால் ஆனது. நிக்கலும் டைட்டானியமும் கலந்த இதன் தன்மையை அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடம் ஒன்றில் 1959ஆம் ஆண்டு முதல் ஆராய்ந்தவர் வில்லியம் ப்யூலர். 1961இல் ஒரு கூட்டத்தில், துருத்திபோல் மடித்த நிட்டினால் தகட்டைப் பலரும் கையில் வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தனர். ஒருவர் விளையாட்டாகத் தம் புகைக்குழாய்க் கொளுத்தியின் சுடரைக் காட்டினார். மடிப்பெல்லாம் நீங்கித் தகடு நேராக நிமிர்ந்தது!

இது எப்படி நடக்கிறது? காலை வணக்கக் கூட்டத்தில் நாம் வரிசையாக நிமிர்ந்து நிற்கிறோம். சற்று நேரத்தில் ஒருவர்மேல் ஒருவர் சாய்கிறோம், வரிசை கோணலாகிறது. ஆனால் எவரும் தம் இடத்தை விட்டு நகர்வதில்லை. மணி அடித்ததும் பழையபடி நிமிர்ந்துவிடுகிறோம். குளிர்ந்த நிட்டினாலை வளைக்கும்போது அதன் அணுக்களும் இவ்வாறே சாய்கின்றன. பக்கத்து அணுவை விட்டுப் பிரிவதில்லை. வெப்பமே அவற்றிற்கு மணியோசை. அகன்ற குழாயாக உருவாக்கிய வலையைச் சுருக்கி, மெல்லிய உறைக்குள் அடக்கி, வாய் வழியே அடைப்புள்ள இடத்திற்குச் செலுத்துகிறார்கள். உறையை விலக்கியதும் வலை உடலின் வெப்பத்தில் தன் பழைய உருவத்தை நாடி மெல்ல விரிகிறது.

இனி, அச்சிடும் கலைக்கு வருவோம். முறுக்கு அச்சிலிருந்து மாவைப் பிழிந்து, ஒரு சுற்றின்மேல் மற்றொரு சுற்றாக அடுக்கினால் ஒரு கிண்ணமே செய்துவிடலாம். முப்பரிமாண அச்சு இயந்திரமும் இவ்வாறே பிளாஸ்டிக், உலோகம், கூழ் முதலியவற்றை அடுக்கடுக்காக வைத்துப் பொருள்களை உருவாக்குகிறது. அப்பொருள் பிறகு வெப்பத்தாலோ நீராலோ தானே உரு மாறினால், நீளம், அகலம், உயரம் என்ற மூன்றுடன் காலமும் சேர்கிறது. ஆகவே இதனை நாற்பரிமாண அச்சு என்கிறார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ஸ்கைலர் டிபிட்ஸ் 2013இல் இதனை உலகறியச் செய்தார். அவர் அச்சிட்ட இழை, தண்ணீரில் போட்டதும் தானே மடிந்தது. நம் பட்டாசுக் காயின் வித்தைதான்!

2021இல் சீன விஞ்ஞானிகள் கண்ணுக்குப் புலப்படாத அளவுள்ள மீன்களைக் கூழ்மப் பொருளால் அச்சிட்டனர். மீனின் வாயில் புற்றுநோய் மருந்து; உடலில் இரும்பு ஆக்சைடு துகள்கள். வெளியிலிருந்து காந்தத்தால் அதை ஓட்டிச் செல்லலாம். புற்றுக் கட்டியைச் சுற்றியுள்ள இடம் மற்ற இடங்களைவிடச் சற்று அமிலத்தன்மை உடையது. ஏனெனில் புற்றணுக்கள் சர்க்கரையை மிகுதியாக உண்டு லாக்டிக் அமிலத்தை வெளிவிடுகின்றன. அந்த அமிலம் பட்டதும் மீன் வாயைத் திறந்து மருந்தை உமிழ்கிறது. திண்டிவனம் என்ற பெயரே புளியங்காடு என்று பொருள்படும் ‘திந்திரிணி வன’த்திலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். அந்தப் புளிப்பே மீனின் வாய்க்குத் திறவுகோல் என்றால் பொருந்துமல்லவா?

இம்முறையால் மருந்து உடல் முழுவதும் பரவாமல் நோயுள்ள இடத்தில் மட்டும் வேலை செய்யும். முடி கொட்டுதல், வாந்தி போன்ற துன்பங்கள் குறையும் என்பது நம்பிக்கை. ஆனால் இந்தச் சோதனை ஆய்வுக்கூடத் தட்டில் வளர்த்த புற்றணுக்களில்தான் நடந்தது. இரத்தக் குழாய்களில் செல்ல மீன் இன்னும் சிறிதாக வேண்டும். நம் நாட்டிலும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில், அச்சிட்ட தட்டையான கூழ்மத் தாள் தானே சுருண்டு குழாயாகி, அறுந்த நரம்பின் முனைகளை இணைக்க உதவுமா என்று எலிகளிடம் ஆராய்ந்திருக்கிறார்கள்.

ஆகவே இன்று நோயாளிக்குக் கிடைப்பது கம்பிவலை. அச்சிட்ட மீன் நாளைய கனவு. அந்த வலையும் நோயைக் குணமாக்குவதில்லை. உண்ணவும் பருகவும் வழி செய்கிறது, அவ்வளவே. எங்கள் தோழியின் பாட்டி நான்கு மாதங்களுக்குப் பின் இறைவனடி சேர்ந்தார். ஆனால் அவர் பசியோடு போகவில்லை.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துயரத்தை மனத்திலேயே பூட்டி வைக்காமல், 1954இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கக் காரணமாக இருந்தார். நாமும் நம்மால் இயன்றதைச் செய்யலாம். வெற்றிலையோடு புகையிலை போடும் பெரியவர்களிடம் அன்பாக எடுத்துச் சொல்லலாம். விழுங்கும்போது அடைப்பு, ஆறாத வாய்ப்புண், மார்பில் கட்டி என்று வீட்டில் யார் சொன்னாலும் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லலாம்.

நான்காம் பரிமாணம் காலம் என்று படித்தோம். புற்றுநோயை வெல்வதிலும் காலமே பெரிது. “வயசானா அப்படித்தான்” என்ற சொல்லை இனி நம் வீடுகளில் ஏற்காதிருப்போமாக.

— பத்தாம் வகுப்பு மாணவி