மலைப் பிரயாணத்துக் கட்டுச்சோறு

போடிநாயக்கனூரிலிருந்து மேற்கே மலையேறுகிறவர்கள், உணவு விடுதிகள் பெருகிவிட்ட இந்நாளிலும், தூக்குவாளியை மறப்பதில்லை. அதிகாலையில் ஜீப்புகளில் நெருங்கி அமர்ந்து, போடிமெட்டு வழியாகப் பூப்பாறைக்கும் சாந்தன்பாறைக்கும் ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்களின் மடியில் மதியச் சோறு இருக்கிறது. சித்திரா பௌர்ணமியன்றோ குடும்பம் குடும்பமாக, தேவாரம், கோம்பை, கம்பம் வழியாகக் குமுளி சென்று, ஆண்டில் அந்த ஒரு நாள் மட்டுமே திறக்கப்படும் மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு ஏறுகிறார்கள். அவர்களுடைய கட்டுச்சோறு, வேலைநாள் சோற்றைப் போலன்றி, பத்துப் பேருக்கும் பதினைந்து பேருக்கும் போதுமான விருந்தாக, பெரும்பாலும் முதல் நாள் இரவிலேயே தயாராகிவிடுகிறது. இரவு பத்து மணிக்கு அடுப்பிலிருந்து இறங்கிய பதார்த்தம் மறுநாள் நண்பகலுக்கு மேல்தான் இலையில் விழுகிறது என்றால், இடையிலுள்ள பதினான்கு மணி நேரம் அது எந்த உஷ்ணத்தில், எந்தப் பாத்திரத்தில் இருந்தது என்பதைப் பொறுத்தே அன்றைய திருவிழா ஆனந்தமாகவோ ஆஸ்பத்திரியிலோ முடிகிறது.

முன்னோர் கட்டிய சோறு

பிரயாணத்துக்கென்று நம் பெரியவர்கள் தேர்ந்தெடுத்த உணவுகளை ஆராய்ந்து பார்த்தால், அவற்றுள் ஒரு சாஸ்திரம் அமைந்திருப்பதைக் காணலாம். புளியோதரை செய்யும் முறையைக் கவனியுங்கள். வடித்த சோற்றை அகன்ற தாம்பாளத்தில் மெல்லிய பரப்பாகக் கொட்டி, நல்லெண்ணெய் விட்டு, மஞ்சள்தூள் தூவி, பருக்கை பருக்கையாகப் பிரியும்படி ஆறவிடுகிறார்கள். ஆறிய பின்பே, எண்ணெய் பிரியும் வரை சுண்டக் காய்ச்சிய புளிக்காய்ச்சலை விட்டுக் கிளறுகிறார்கள். பரப்பி வைப்பதால் சோற்றின் சூடு விரைவில் இறங்கிவிடுகிறது; புளியின் அமிலம் ஒவ்வொரு பருக்கையிலும் படிந்து, நோய்க்கிருமிகள் வளர இடங்கொடாத நிலையை உண்டாக்குகிறது. முறுக்கும் அதிரசமும் மோர்மிளகாயுமோ, கிருமி வளரப் போதிய நீர்ப்பதம் இல்லாததால் கெடாமல் தாங்குகின்றன.

ஆனால் புளியோதரையின் பாதுகாப்பு அதன் புளிப்பில் இருக்கிறதேயன்றி, பெயரில் இல்லை. புளியைக் குறைத்து, தக்காளியால் நிறமேற்றி, குழந்தைகளுக்காகக் காரத்தையும் புளிப்பையும் தணித்துச் செய்த சோறு வெறும் சோற்றுக்குச் சமானம். எலுமிச்சைச் சாதத்துக்கும் இது பொருந்தும். நாக்கு கூசும் அளவுக்குப் புளிப்பிருந்தால்தான் அதை மதியம் வரை நம்பலாம். தயிர்ச்சோற்றில் காய்ச்சிய பாலை மிகுதியாக ஊற்றி, சிறிது தயிர் சேர்த்து, வழியில் புளிக்கும்படி விடுவது நல்ல வழக்கந்தான். ஆயினும் அந்தச் சோறு வெதுவெதுப்பாக மட்டும் இருக்கும்போது தயிரை இட்டால்தான் தயிரின் நல்ல கிருமிகள் பிழைத்து, பாலைப் புளிக்க வைத்து, தீய கிருமிகளை அடக்கும்.

வெந்த பின்னும் சாகாத வித்து

சோற்றை நன்றாக வேகவைத்தாயிற்றே, இனிக் கிருமி ஏது என்று கேட்பவர்கள் உண்டு. அரிசியோடு மண்ணிலிருந்தே வரும் பாசில்லஸ் சீரியஸ் என்னும் கிருமி, கடினமான வித்தாகத் தன்னைச் சுருக்கிக்கொண்டு கொதிநீரிலும் பிழைத்திருக்கிறது. சோறு வெதுவெதுப்பாகும்போது அவ்வித்து முளைத்துப் பெருகி, வாந்தியை உண்டாக்கும் ஒரு நஞ்சைக் கக்குகிறது. மறுபடி சுடவைத்தாலும் அந்த நஞ்சு அழிவதில்லை என்பதே இதில் மிகவும் கவலைக்குரிய விஷயம். பிரிட்டனில் 1971 முதல் சீன உணவகங்களின் வறுத்த சோற்றை உண்டவர்கள் திரள் திரளாக வாந்தியெடுத்ததை ஆராய்ந்தபோது, முன்கூட்டி வேகவைத்த சோற்றைக் குளிரூட்டாமல் வெளியே வைத்திருந்து, பின்னர் வறுத்துக் கொடுத்ததே காரணம் என்று தெரியவந்தது. நம் வீடுகளில் குக்கரோடு மூடி வைத்து, விடிந்ததும் தாளித்துக் கட்டிக்கொடுக்கும் சோற்றுக்கும் அதற்கும் பெரிய வேற்றுமை இல்லை.

5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட உஷ்ணம் கிருமிகளுக்கு வாய்ப்பான உஷ்ணம். சாதகமான நிலையில் ஒரு கிருமி 20 நிமிஷத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரிகிறது என்று கொண்டால், எட்டு மணி நேரத்தில் அது 24 முறை இரட்டித்து, ஒரு கோடியே அறுபத்தேழு லட்சத்தைத் தாண்டிவிடும். அந்த அளவை எட்டிய உணவு ஊசிப்போன வாடை வீசியே தீரும் என்பதில்லை. மணமும் ருசியும் மாறாத சோறும் குடும்பம் முழுவதையும் படுக்கையில் தள்ளக்கூடும் என்பதால், முகர்ந்து பார்த்துத் தீர்மானிக்கும் பழக்கத்தை நாம் கைவிட்டாக வேண்டும். சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் இதனாலேயே.

மலைக் குளிரை நம்பலாகாது

சித்திரை வெயிலில் போடி தகிக்கிறது. மேலே ஏறினால் காற்று சில்லென்று வீசுகிறது. அந்தக் குளிர் சோற்றையும் காப்பாற்றும் என்ற எண்ணம் இயல்பாகவே மனத்தில் எழும். இருபது டிகிரி குளிர் நமக்குச் சால்வை தேடும் குளிராக இருந்தாலும், கிருமிகளின் பெருக்கத்தை மெதுவாக்குமேயன்றி நிறுத்தாது. மேலும், அண்டாவில் அழுத்தி நிரப்பிய சோற்றின் நடுப்பகுதிக்கு வெளிக்காற்றின் செய்தி எட்டுவதேயில்லை; மேற்புறம் ஆறிய பின்னும் நடுவில் பல மணி நேரம் இளஞ்சூடு தங்கியிருக்கும். ஒரே பெரிய பாத்திரத்தைவிட, ஆழமற்ற பல எவர்சில்வர் தூக்குகள் நல்லவை என்று நான் சொல்வது இதனால்தான்.

சூடாகக் கொண்டுபோக விரும்புகிறவர்கள், ஹாட் பாக்ஸில் முதலில் கொதிநீரை ஊற்றிப் பத்து நிமிஷம் வைத்திருந்து, அதைக் கொட்டிவிட்டு, ஆவி பறக்கும் உணவை விளிம்பு வரை நிரப்பி, உண்ணும் வேளை வரை திறவாதிருக்க வேண்டும். வழியில் குழந்தை கேட்டது என்று இருமுறை திறந்துவிட்டால் சூடு போய்விடும். குளிர்ச்சியாகக் கொண்டுபோக விரும்புகிறவர்கள், ஆறவைத்து இரவு முழுவதும் குளிர்பதனப் பெட்டியில் வைத்திருந்து, பனிக்கட்டியோடு பெட்டியில் அடுக்க வேண்டும். இரண்டும் இயலாதெனில், இரவுச் சமையலை விட்டு விடியற்காலையில் எழுந்து சமைப்பதே உத்தமம். புளிக்காய்ச்சலும் பொடிகளும் முன்கூட்டியே தயாராக இருக்கலாம். சோறு மட்டும் புறப்படும் நேரத்தில் வெந்ததாக இருக்கட்டும்.

கை, பாத்திரம், இலை

1975 பிப்ரவரியில், ஜப்பானிலிருந்து அலாஸ்கா வழியாக ஐரோப்பா சென்ற ஒரு விமானத்தில், முன்கூட்டியே சமைத்து ஏற்றிய காலை உணவை உண்ட 197 பேர் நோயுற்றார்கள். அந்த உணவைத் தயாரித்த சமையற்காரர் ஒருவரின் விரலிலிருந்த புண்ணே அதற்கு மூலம். அப்புண்ணிலிருந்த ஸ்டாஃபிலோகாக்கஸ் என்னும் கிருமி உணவில் சேர்ந்து, இளஞ்சூட்டில் கிடந்த நேரத்தில் நஞ்சைப் பெருக்கிவிட்டது. நம் கலந்த சாதங்கள் கையால் பிசையப்படுபவை. காய் நறுக்கும்போது விரலை வெட்டிக்கொண்டவர்களும், சளியும் தும்மலும் உள்ளவர்களும், எவ்வளவு கைப்பக்குவம் வாய்ந்தவர்களாயினும், அன்று அடுக்களையை மற்றவர்களிடம் விட்டுவிட வேண்டும்.

புளிப்புள்ள சோற்றை அலுமினியத் தூக்கிலோ, ஈயப்பூச்சு தேய்ந்த பித்தளையிலோ வைத்தால் உலோகம் உணவில் கரைந்துவிடும், எவர்சில்வரே ஏற்றது. கோயில் பாதையில் பிளாஸ்டிக் பொருள்களுக்கு வனத்துறை தடை விதித்திருக்கிறது. கொதிக்கும் சாம்பாரை நெகிழிப் பையில் ஊற்றுவது அந்தத் தடை இல்லாவிடினும் தவறே. அனலில் வாட்டிய வாழையிலையைவிடச் சிறந்த உறை நமக்கு வேண்டியதில்லை. அதன்மேல் செய்தித்தாளைச் சுற்றுவதாயினும், மை சோற்றில் படாதபடி இலை முழுமையாக மூடியிருக்கட்டும்.

கொண்டு செல்லத் தகாதவை

தேங்காய்ச் சட்னி, உருளைக்கிழங்கு மசாலா, முட்டை, பால் பாயசம், குருமா ஆகியவை வீட்டிலேயே உண்ணத்தக்கவை. ஏலம் விளையும் சீமையில் பாயசத்துக்கு ஏலக்காய்ப் பஞ்சமில்லை. ஆனால் அதன் மணம் கெட்டுவரும் பாலின் வாடையை மறைக்குமேயன்றி, பாலைக் காக்காது. ஆடிப்பெருக்குக்கும் பொங்கல் விடுமுறைக்கும் தோட்டத்து உறவினர் வீட்டுக்குப் பிரியாணி கொண்டுபோகும் வழக்கம் இப்போது பரவி வருகிறது. பெரிய தேக்சாவில் மெல்ல ஆறும் இறைச்சியில் கிளாஸ்டிரிடியம் பெர்ஃபிரிஞ்ஜன்ஸ் என்னும் கிருமி, 45 டிகிரியை ஒட்டிய சூட்டில் ஏறத்தாழப் பத்தே நிமிஷத்தில் இரட்டிக்கிறது. மசாலாவை அரைத்து எடுத்துச் சென்று, போய்ச் சேர்ந்த வீட்டு அடுப்பில் சமைப்பதே விவேகம்.

வளைவில் வரும் வாந்தி

போடிமெட்டுச் சாலையின் கொண்டை ஊசி வளைவுகளில் தலை சுற்றி வாந்தியெடுப்பவர்கள் பலர். ஆகையால் உணவு நஞ்சையும் ஜீப் மயக்கம் என்று எண்ணி அலட்சியம் செய்யும் அபாயம் இங்கே உண்டு. வண்டி நின்ற பின்னும் வாந்தி ஓயாமலிருந்தாலோ, ஒரே தூக்கில் உண்ட இருவர் மூவருக்கு ஒன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி கண்டாலோ, உணவையே சந்தேகிக்க வேண்டும். காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில், தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து, மடக்கு மடக்காகக் கொடுத்து வாருங்கள். வாந்தியைப் பார்த்து நீரை நிறுத்துவது பெருந்தவறு. மலத்தில் இரத்தம், குழி விழுந்த கண்கள், பல மணி நேரம் சிறுநீர் இன்மை, சோர்ந்து உறங்கும் குழந்தை ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும், வீட்டு வைத்தியத்தை நம்பிக் காலம் கடத்தாமல், 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். கர்ப்பிணிகள், முதியோர், நீரிழிவு உள்ளோர் விஷயத்தில் அவ்வளவு தூரம் பொறுத்திருக்கவும் கூடாது.

தாய்மார்களிடம் நான் வேண்டிக்கொள்வது இன்னும் ஒன்றுண்டு. பயணம் முடிந்து இரவு வீடு திரும்பும்போது தூக்கின் அடியில் இரண்டு பிடி சோறு மிஞ்சியிருக்கும். அன்னத்தை வீணாக்கலாகாது என்று அதை மறுநாள் காலைக்கு எடுத்து வைக்காதீர்கள்.