ஸ்டியரிங் ஆட்டமும் அதன் மூலமும்

பழைய மோட்டார் வண்டி வைத்திருப்போர் பலரும் சொல்லும் குறை ஒன்றுண்டு. "ஸ்டியரிங் ஆடுகிறது" என்பதே அது. வளையம் இரண்டு விரற்கடை வெறுமனே திரும்பிய பின்னரே முன்சக்கரம் அசைகிறது. வண்டியும் நேரே செல்லாமல் அலைகிறது. உடனே பட்டறைக்குச் சென்று, "கொஞ்சம் முறுக்கி விடுங்கள்" என்கிறோம். எதை முறுக்குவது, முறுக்கத்தான் வேண்டுமா என்று நாமும் கேட்பதில்லை, பட்டறைக்காரரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

எடுத்துக்காட்டாக மோரிஸ் மைனர் வண்டியைக் கொள்வோம். அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலார் வகுத்த இவ்வண்டி, 1948 அக்டோபரில் இலண்டன் கண்காட்சியில் மக்கள்முன் வந்தது. 1971 வரை இங்கிலாந்தில் செய்யப்பட்டது. பத்து இலட்சம் என்னும் எண்ணிக்கையை முதலில் எட்டிய பிரிட்டிஷ் கார் இதுவே. மலாயாச் சாலைகளிலும் ஒரு காலத்தில் இதனை எங்கும் காணலாம். என்னிடமும் ஒன்று உண்டு.

இதன் அமைப்பு எளிது. வளையத்தினின்று ஒரு நீண்ட தண்டு, குழாய் ஒன்றின் உள்ளே இறங்குகிறது. தண்டும் குழாயும் சேர்ந்ததே ஸ்டியரிங் தூண். தண்டின் அடிமுனை ஒரு சிறு பற்சக்கரத்தின் அச்சோடு பொருந்தி, போல்ட்டினால் இறுக்கப்பட்டிருக்கிறது. அப்பற்சக்கரம் சுழலும்போது, பற்கள் வெட்டிய குறுக்குக் கம்பி ஒன்று இடமும் வலமும் நகர்ந்து சக்கரங்களைத் திருப்புகிறது. பட்டறையில் இக்கம்பியை 'ரேக்' என்பர். அக்காலத்துக் கார்கள் பலவற்றில் ஸ்டியரிங் பெட்டியும், அதனைச் சரிசெய்ய ஒரு திருகும் இருந்தன. மைனரில் அத்தகைய திருகு இல்லை. இதை அறியாமல் முறுக்கப் புகுவதே முதற்பிழை.

இனி, ஆராயும் முறை. ஒருவர் வளையத்தை மெல்ல அசைக்க, மற்றொருவர் மேலிருந்து கீழாக ஒவ்வோர் இணைப்பையும் பார்த்து வரவேண்டும்.

வளையம் பக்கவாட்டில் ஆடினால், தூணின் மேல்முனையிலுள்ள கம்பளிப் பட்டை காய்ந்து தேய்ந்துவிட்டது என்க. பாட்டரி இணைப்பைக் கழற்றி, சக்கரங்களை நேராக நிறுத்தி, வளையம் நின்ற நிலையைக் குறியிட்டபின் அதனைக் கழற்றலாம். புதிய பட்டையை எண்ணெயில் நன்கு ஊறவைத்துச் செருகினால் இக்குறை தீரும்.

வளையத்தோடு தண்டு திரும்பியும் பற்சக்கர அச்சு பிந்தித் திரும்பினால், அடியிலுள்ள போல்ட் தளர்ந்திருக்கும். போல்ட்டை இறுக்கியும் ஆட்டம் நீங்காவிடில் வரிப்பற்கள் தேய்ந்தன. அவ்வுறுப்பையே மாற்ற வேண்டும்.

அச்சு திரும்பியும் ரேக் பிந்தினால், அதனை வில்லால் அழுத்தி நிற்கும் தாங்கியைப் பார்க்க வேண்டும். அதன் மூடியின்கீழ் 'ஷிம்' எனப்படும் மெல்லிய தகடுகள் உள்ளன. முதலில் வில்லை நீக்கி, ரேக்கை இழுத்தால் பற்சக்கரம் சுழலும் அளவுக்கு மூடியை இறுக்கி, மூடிக்கும் இருக்கைக்கும் உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். அவ்வளவோடு 0.002 முதல் 0.005 அங்குலம் வரை கூட்டி, அத்தடிப்புக்குத் தகடு வைக்க வேண்டும். தகட்டைக் குறைத்தால் பிடி இறுகும். ஆயின் ரேக்கின் நடுப்பற்களே மிகுதியாகத் தேய்வன. நடுவில் ஆட்டம் நீங்குமளவு இறுக்கினால், முழுதும் திருப்பும்போது ஓரங்களில் சிக்கிக்கொள்ளும். வளைவில் திரும்பிய வளையம் தானே நேர்நிலைக்கு மீளாது.

இவற்றுள் குறை இல்லையெனில் சக்கரத்தை ஜாக்கியால் தூக்குக. இருபக்கமும் பிடித்து அசைக்கையில் ஆடினால், இணைப்புத் தண்டின் குண்டு மூட்டு தேய்ந்திருக்கக் கூடும். மேலும் கீழும் பிடித்து அசைக்கையில் ஆடினால், சக்கரத்தின் தாங்கி அல்லது அது திரும்பும் செங்குத்து முளை தேய்ந்திருக்கும். முளையின் கீழ்முனை மரையால் பொருந்தியது. கிரீஸ் இன்றி அம்மரை தேய்ந்தால், ஒருநாள் முளை கழன்று சக்கரம் மடங்கி, வண்டியின் முன்புறம் தரையில் விழும்.

நிற்க. சில ஆண்டுகளுக்குமுன் என் வண்டி அலைந்தது. பட்டறைக்காரர் ஒருவர் ஷிம் தகடுகளை எடுத்துவிட்டு இறுக்கினார். வளையம் கனத்தது, நானும் குறை தீர்ந்ததென நம்பி இரு வாரம் ஓட்டினேன். ஓய்வு பெற்ற தோட்டத்து மெக்கானிக் ஒருவர் ஏறி அமர்ந்து, ஒரு வளைவு திருப்பியதுமே, "ஐயா, முதலில் ஜாக்கி போடுங்கள்" என்றார். இடச்சக்கரத்தின் கீழ்மரை ஏறக்குறைய வழுவழுப்பாக இருந்தது. கிரீஸ் வைக்க மறந்தவன் நானே. நாள்தோறும் நான் வண்டியைத் திருப்பும் இடம் பள்ளி வாசல். பிள்ளைகள் கூடிநிற்கும் இடம். அன்றிலிருந்து மாதந்தோறும் சக்கரத்தைத் தூக்கி, பாரம் நீங்கிய நிலையில் கிரீஸ் அடிக்கிறேன்.

ஆசிரிய நண்பர்களுக்கு இதில் ஒரு செய்தி உண்டு. 'பழம்' என்பதைப் 'பளம்' என்று எழுதும் மாணவனைப் பத்துமுறை எழுதச் சொல்கிறோம். அன்று சரியாக எழுதுவான். மறுவாரம் மீண்டும் தவறுவான். பிழை தெரிவது கையில். இருப்பது நாவிலும் செவியிலும். சிலவேளை, கற்பிக்கும் நம் நாவிலேயே இருக்கும். இறுக்குவதற்குமுன் எங்கே தேய்ந்ததெனத் தேடுவதே, வண்டிக்கும் வகுப்புக்கும் பொருந்தும் முறையாகும்.