வளர்ச்சி ஸ்கேன்: எண்கள் சொல்வது என்ன?

கருவுற்ற ஏழாம் மாதத்திற்குப் பின் எடுக்கப்படும் ஸ்கேன் அறிக்கையில் எண்கள் நிறைந்திருக்கும். அவற்றின் பொருளை அறிந்துகொண்டால் வீண் அச்சம் நீங்கும். கவனிக்க வேண்டியதும் தவறாது.

நான்கு அளவுகள்

பி.பி.டி. என்பது சிசுவின் தலையின் குறுக்களவு, எச்.சி. தலையின் சுற்றளவு, ஏ.சி. வயிற்றின் சுற்றளவு, எஃப்.எல். தொடை எலும்பின் நீளம். இவற்றுள் ஊட்டத்தின் நிலையைச் சிறப்பாகக் காட்டுவது வயிற்றின் சுற்றளவே. நஞ்சுக்கொடி வழியாக வரும் ஊட்டம் குறையும்போது, சிசுவின் உடல் மூளைக்குரிய இரத்த ஓட்டத்தைக் காத்துக்கொள்கிறது; கல்லீரலில் சேமிப்பு குறைந்து வயிறு சிறுக்கிறது. ஆகவே, தலை உரிய அளவில் இருந்து வயிறு மட்டும் பின்தங்கினால் மருத்துவர் கூர்ந்து ஆராய்வார்.

எடை ஒரு மதிப்பீடே

ஸ்கேன் கருவி சிசுவை நிறுத்துப் பார்ப்பதில்லை. மேற்கண்ட அளவுகளைச் சூத்திரத்தில் இட்டு எடையைக் கணிக்கிறது. 1985ஆம் ஆண்டு ஹாட்லாக் குழுவினர் வெளியிட்ட சூத்திரம் இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. இக்கணிப்பு 10 முதல் 15 விழுக்காடு வரை கூடவோ குறையவோ கூடும். அறிக்கையில் 2,500 கிராம் என்றிருந்தால், மெய்யான எடை 2,200 கிராமாகவும் இருக்கலாம், 2,800 கிராமாகவும் இருக்கலாம்.

பெர்சன்டைல் மதிப்பெண் அன்று

'10ஆவது பெர்சன்டைல்' என்றால், அதே வார வயதுடைய 100 சிசுக்களுள் ஏறத்தாழ 10 சிசுக்கள் இதைவிடச் சிறியவை என்று பொருள். அதற்குக் கீழுள்ளவை 'சிறிய சிசு' எனப்படும். அவற்றுள் பல, சிறிய உடல்வாகு கொண்ட பெற்றோரின் நலமான குழந்தைகளே. சில, மெய்யாகவே வளர்ச்சி தடைப்பட்டவை. இவ்விரண்டையும் பிரித்தறியப் பனிக்குட நீரின் அளவும், தொப்புள்கொடியின் இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் சோதனையும், இரண்டு அல்லது மூன்று வாரம் கழித்து எடுக்கும் மறு ஸ்கேனும் உதவும்.

ஒரு நாளின் இருப்பை மட்டும் பார்த்துக் கணக்கின் போக்கை அறிய இயலாது அல்லவா? சிசுவின் வளர்ச்சியும் அத்தகையதே. 12ஆவது பெர்சன்டைலில் சீராக வளரும் சிசுவைவிட, 60இலிருந்து 15க்கு இறங்கிய சிசுவே கூடுதல் கவனத்திற்குரியது.

முதல் அறிக்கையைக் காத்து வைப்பீர்

இக்கணக்குகள் அனைத்தும் கருவின் வயதைச் சார்ந்தவை. முதல் மூன்று மாதங்களில் எடுத்த ஸ்கேனே வயதை மிகச் சரியாகக் காட்டும். பிந்தைய ஸ்கேனில் வேறொரு பிரசவத் தேதி அச்சாகியிருந்தால், முன்பு உறுதி செய்த தேதியை மாற்றிக்கொள்ளலாகாது. ஒவ்வொரு முறையும் பழைய அறிக்கைகளை உடன் எடுத்துச் செல்வது நன்று.

பிரதமரின் பாதுகாப்பான தாய்மை இயக்கத்தின் கீழ், மாதந்தோறும் 9ஆம் நாள் அரசு மருத்துவ நிலையங்களில் கருவுற்ற தாய்மார்களுக்கு இலவசப் பரிசோதனை நடைபெறுகிறது. ஆனால், சிசுவின் அசைவு குறைந்ததாகத் தோன்றினால் எந்த நாளுக்கும் காத்திராமல், முந்தைய ஸ்கேன் நன்றாக இருந்தபோதிலும், உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.