தோளைத் தாக்கும் துப்பாக்கி! நின்று சுட ஒரு மேஜை

1767-ம் ஆண்டு செப்டம்பர் மாதம். செங்கம் கணவாயிலும் திருவண்ணாமலைக்கு அருகிலும் பீரங்கிகள் முழங்கின. ஒரு பக்கம் மைசூர் ஐதர் அலியும் ஐதராபாத் நிஜாமும். மறு பக்கம் கர்னல் ஜோசப் ஸ்மித் தலைமையில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை. ஐதரும் நிஜாமும் தோற்றார்கள். பல பீரங்கிகளையும் பறிகொடுத்தார்கள்.

அந்தக் காலத்துப் பீரங்கிக்காரர்கள் ஒரு விஷயத்தில் மிகவும் உஷாராக இருப்பார்கள். திரியில் நெருப்பு வைக்கும்போது, சக்கரத்துக்குப் பின்னால் யாரும் நிற்க மாட்டார்கள். குண்டு முன்னால் பாயும்; அதே நொடியில் பீரங்கி சக்கரத்தோடு பின்னால் உருண்டு ஓடும். குறுக்கே நின்றவன் கால் நசுங்கிவிடும். பிறகு எல்லோரும் சேர்ந்து அதைப் பழைய இடத்துக்குத் தள்ளி வந்து, மறுபடியும் குறி பார்க்க வேண்டும்.

அப்படியானால் பீரங்கியை அசையாமல் கட்டிப் போட்டால் என்ன? கட்டினால், அந்த உதை முழுவதும் வண்டியின் அச்சிலும் கட்டையிலும் இறங்கும். சில வெடிகளிலேயே வண்டி பிளந்துவிடும்.

திருவண்ணாமலைக்காரர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. கார்த்திகை தீபத் திருவிழாவின் 7-ம் நாள் மாட வீதியில் பெரிய தேர் வரும்போது, முட்டுக்கட்டை போடுகிறவர்களைப் பார்த்திருப்பார்கள். ஓடுகிற தேரைச் சட்டென்று நிறுத்த அவர்கள் முயல்வதில்லை. சக்கரத்தின் அடியில் கட்டையைக் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் குறைக்கிறார்கள். அந்த வித்தையேதான் துப்பாக்கிக்கும் வேண்டும்.

சக்கரம் இல்லாத பீரங்கி

தோளில் வைத்துச் சுடும் ரைபிளுக்குச் சக்கரம் கிடையாது. அதன் உதையைத் தாங்குவது மனிதனின் தோள்.

போலீசார் நெடுங்காலம் வைத்திருந்த 303 ரைபிளின் உதையைப் பழகியவர்கள் தாங்கிக் கொள்வார்கள். யானைக்கும் காட்டெருமைக்கும் என்று செய்யப்பட்ட பெரிய ரைபிள்களின் கதை வேறு. 470 என்ற இரட்டைக் குழல் ரைபிளின் குண்டு சுமார் 32 கிராம் எடை. துப்பாக்கி சுமார் 5 கிலோ. அது சுடும்போது தோளில் விழும் அடி எவ்வளவு தெரியுமா? 5 கிலோ கல்லை 5 அடி உயரத்திலிருந்து தோளில் போட்டால் எப்படி இருக்கும்? ஏறக்குறைய அவ்வளவு! 303-ன் உதையைப் போல இது நாலைந்து மடங்கு.

உதையைக் குறைக்க ஒரு வழி, துப்பாக்கியின் எடையைக் கூட்டுவது. இலங்கையில் நுவரெலியாவில் குடியேறி வேட்டையாடிய சாமுவேல் பேக்கர் என்ற வெள்ளைக்காரர், 1840-ல் பிரிஸ்டல் நகரத்து கிப்ஸ் என்பவரிடம் சொல்லி ஒரு ரைபிள் செய்து கொண்டார். எடை 21 ராத்தல், அதாவது சுமார் 9½ கிலோ! உதை குறையும், சரி. அதைத் தூக்கிக்கொண்டு மலை ஏறுவது யார்?

பயம் செய்யும் கொலை

உதை வலிக்கும் என்பதோடு விஷயம் முடிந்துவிடுவதில்லை. இரண்டு முறை அடி வாங்கிய தோள், மூன்றாவது முறை விசையை இழுக்கும் முன்பே நடுங்கும். கண் தானாக மூடிக்கொள்ளும். குழல் ஒரு நூலிழை அசையும். நூறு அடி தூரத்தில் அந்த நூலிழை பல மடங்காகிவிடும்.

நெஞ்சில் பட வேண்டிய குண்டு காலில் படும். புலி சாகாது, நொண்டிக்கொண்டு புதருக்குள் போய்விடும். மானைத் துரத்த முடியாத புலி பிறகு எதைத் துரத்தும்? புல் அறுக்கப் போன பெண்ணை, மாடு மேய்க்கப் போன பையனை! கவனமில்லாமல் சுட்டு, காயம்பட்ட மிருகத்தைத் தேடாமல் விட்டதும் புலி ஆட்கொல்லியாக மாற ஒரு காரணம் என்று ஜிம் கார்பெட் 1944-ல் வந்த தம் புத்தகத்திலேயே எழுதினார்.

செங்கம் கணவாயைத் தாண்டி மேற்கே போனால் பழைய சேலம் ஜில்லாவின் காடுகள் வரும். ஜவளகிரி, அஞ்செட்டி, பென்னாகரம் என்று அங்கே ஆட்கொல்லிகளைத் தேடி அலைந்தவர் பெங்களூர் கென்னத் ஆண்டர்சன். அவர் கையில் இருந்தது 405 வின்செஸ்டர். அதுவும் நன்றாக உதைக்கும் ரகம்தான்.

ஆகவே காட்டுக்குள் போகும் முன்பே, துப்பாக்கி குறி பார்த்த இடத்தில்தான் சுடுகிறதா என்று சோதித்தாக வேண்டும். சோதிப்பதற்குத் துப்பாக்கி ஆடாமல் இருக்க வேண்டும். அதற்குத்தான் மேஜை.

உட்கார்ந்தால் ஆபத்து

சாதாரண ரைபிளை மேஜை முன் உட்கார்ந்து சோதிப்பார்கள். பெரிய ரைபிளை அப்படிச் சோதித்தால் வந்தது வினை! உட்கார்ந்தவன் முன்னால் சாய்ந்து, துப்பாக்கியின் மேல் கவிழ்ந்திருப்பான். இடுப்பு நாற்காலியில், முழங்கை மேஜையில். உடம்பு பின்னால் போக வழியில்லை. கட்டிப் போட்ட பீரங்கியின் கதிதான் அவன் தோளுக்கும். காறை எலும்பில் வலி, தோளில் கன்றிய காயம், அதைவிட மோசமாக மனதில் பயம்.

நின்று சுடுகிறவனுக்கோ இடுப்புக்கு மேல் உடம்பு நாணல் போல வளையும். காலும் ஓர் அடி பின்வாங்கலாம். அடி அவனைத் தள்ளும், நசுக்காது. லண்டனிலும் பர்மிங்காமிலும் இரட்டைக் குழல் ரைபிள் செய்தவர்கள், இரு குழல்களின் குண்டும் ஒரே இடத்தில் படும்படி சரி செய்ய, மறுபடி மறுபடி சுட்டுப் பார்ப்பார்கள். அதற்கு அவர்கள் பயன்படுத்தியது நின்று சுடும் தாங்கியைத்தான். துப்பாக்கி தன் இயல்புப்படி துள்ள வேண்டும். துள்ளலைத் தடுத்தால் குறியே மாறிவிடும்.

மேஜை செய்வது எப்படி?

ஊர்த் தச்சர் ஒருவர் ஒரே நாளில் செய்துவிடக் கூடிய வேலை. உயரம்தான் முக்கியம். சுடுகிறவர் நிமிர்ந்து நின்று, கழுத்தைக் குனியாமல், துப்பாக்கியைத் தோளில் வைக்க வேண்டும். நடுத்தர உயரம் உள்ளவருக்கு மேஜை 3¾ அடி முதல் 4¼ அடி வரை இருக்கலாம். குட்டையாகச் செய்தால் முதுகு வளையும். வளைந்தால் உட்கார்ந்து சுட்ட பழைய கதைதான். ஆகவே கொஞ்சம் குட்டையாகவே செய்துவிட்டு, ஆளுக்குத் தக்கபடி துண்டுப் பலகைகளை அடுக்கி உயர்த்திக் கொள்வது புத்திசாலித்தனம்.

கால்கள் 4 அங்குலச் சதுரக் கட்டைகளாக, கீழே அகன்று நிற்கட்டும். மேடு பள்ளமான தரையில் மூன்று கால் வைத்தால் ஆடவே ஆடாது. நிலையான இடமாக இருந்தால் நான்கு கால்களையும் குழி தோண்டிப் புதைத்துவிடலாம். கால்களுக்கு இடையே குறுக்குச் சட்டங்கள் அவசியம். மேலே போடும் பலகை 2 அங்குல கனமாவது இருக்க வேண்டும். மரம் கனமாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும். அழகு பார்க்க இது கல்யாண வீட்டு மேஜை அல்ல.

பலகையின் பின் ஓரத்தில், உடம்பு நுழையும் அளவுக்கு ஒரு வளைவு வெட்ட வேண்டும். அதற்குள் நின்றால் இரண்டு முழங்கைகளும் பலகையில் தாங்கும். முன்னால் மணல் மூட்டை. மணலைக் கெட்டியாக அடைக்காமல், கை வைத்தால் குழி விழும்படி நிரப்புவது நல்லது. அந்த மூட்டையின் மேல் இடது கை. கையின் மேல் துப்பாக்கி. இரும்புக் குழலையே நேராக மூட்டையில் வைத்தால் குண்டு இடம் மாறிப் போகும்.

கால்களைச் சற்று அகட்டி, முழங்காலை விறைக்காமல் நிற்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் சுவரோ தூணோ இருக்கவே கூடாது. காதை மூட மறக்கக் கூடாது. ஒரே வேளையில் நாலைந்து தடவைக்கு மேல் சுடாமல் இருப்பது தோளுக்கு நல்லது.

லைசென்ஸும் அனுமதி பெற்ற சுடுதளமும் இல்லாமல் இதெல்லாம் நடக்காது. கொல்லைப்புறத்தில் செய்து பார்க்கிற சமாசாரம் இல்லை!

திருச்சியில் ஒரு ராட்சதன்

பீரங்கியின் உருளலுக்கு 1897-ல் பிரெஞ்சுக்காரர்கள் முடிவு கட்டினார்கள். அவர்களுடைய 75 மில்லிமீட்டர் பீரங்கியில் குழல் மட்டும் பின்னால் வழுக்கிப் போய்த் திரும்பும். வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். எண்ணெயும் காற்றும் அடைத்த உருளைகள்தான் அங்கே முட்டுக்கட்டை.

அந்த யுக்தி திருச்சிராப்பள்ளிக்கும் வந்திருக்கிறது. 1966-ல் தொடங்கிய அங்குள்ள துப்பாக்கித் தொழிற்சாலை செய்யும் ‘வித்வன்சக்’ என்ற ராட்சத ரைபிளில், குழலோடு சேர்ந்த பகுதி முழுவதும் ஒரு சட்டத்துக்குள் பின்னால் வழுக்கி வரும். தோளுக்கு வந்து சேருவது மிச்சம் மீதிதான்.

வேட்டை மட்டும் முடிந்துவிட்டது. 1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்குக் கதவை அடைத்தது. மனித உயிருக்கு ஆபத்தான மிருகத்தை வேறு வழியே இல்லாதபோது கொல்ல, தலைமை வனவிலங்குக் காப்பாளரின் உத்தரவு வேண்டும். 2014 ஜனவரியில் நீலகிரியில் மூன்று பேரைக் கொன்ற புலி சுட்டு வீழ்த்தப்பட்டது.

2021-ல் மசினகுடி, கூடலூர்ப் பக்கம் மக்களை நடுங்க வைத்தது ‘டி-23’ என்ற புலி. உடனே கொன்றுவிட வேண்டாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. பல நாள் தேடிய பிறகு, அக்டோபர் 15-ம் தேதி மயக்க ஊசி போட்டு அதை உயிரோடு பிடித்தார்கள். சிகிச்சைக்காக மைசூருக்குக் கொண்டு போனார்கள். மயக்க ஊசித் துப்பாக்கி காற்றழுத்தத்தில் இயங்குவது. அது தோளை உதைப்பது மிகக் குறைவு.